ஒரே சாலையில் இரண்டு வழிபாட்டு இடங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, அமெரிக்காவுல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரா இருக்கீங்க, வேலைவாய்ப்பு பத்தி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச ஏற்கனவே மூன்று பேர் இருக்கிறார்கள். அதனால், "அண்ணே, நான் ஒரு ரோட்டைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "ரோடா? எந்த ஹைவே?" என்றார். ஹைவே இல்லை, வாஷிங்டன் நகரத்தில் நடந்தே போகக்கூடிய ஒரு சாலை. பெயர் மாசசூசெட்ஸ் அவென்யூ.

இந்தச் சாலையில் நம் இந்தியத் தூதரகம் இருக்கிறது. அதன் எதிரே, கையில் கோலோடு நடந்து போகிற காந்தி சிலை ஒன்று 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்து மேட்டுப் பக்கமாக நடந்தால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இஸ்லாமிக் சென்டர் என்கிற பள்ளிவாசல் வரும். இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஏறினால் நேஷனல் கதீட்ரல் என்கிற பேராலயம். ஒன்று எகிப்தின் மம்லுக் காலத்துப் பாணியில் கட்டியது. இன்னொன்று 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கோதிக் பாணியில் கட்டியது. இரண்டுமே 20-ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள்! பழைய பாணியில் இப்போது கட்டுவதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மொட்டையாக நின்று, முழுமை பெற்றது 1987-இல்.

இந்த இரண்டு இடங்களுக்கும் நான் போக ஆரம்பித்ததற்குக் காரணம், என்னோடு ஹாஸ்டலில் இருந்த ஒரு நண்பன். மெக்கானிக்கல் பிராஞ்ச், ஊர் கீழக்கரை. பெயரைச் சொல்லக் கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறான், ஆனால் எங்கள் பேட்ச்காரர்களுக்குத் தெரிந்துவிடும். 2016-இல் இருவருக்கும் வாஷிங்டன் பக்கமே வேலை அமைந்தது. ஒருநாள் அவன் சொன்னான்: "மாப்ளே, நாலு வருஷம் ஒரே மெஸ்ஸுல சாப்பிட்டோம். நீ எங்க பள்ளிவாசலுக்குள்ள வந்ததில்ல. நாம ரெண்டு பேரும் ஒரு சர்ச்சுக்குள்ள போனதில்ல. இங்க யாரு தடுக்கப் போறா?" ஊரிலும் யாரும் தடுத்ததில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

முதலில் பள்ளிவாசல். இது எழுந்த கதையே ஒரு சாவிலிருந்து ஆரம்பிக்கிறது. 1944-இல் துருக்கியின் தூதராக இருந்த முனீர் எர்டெகுன் வாஷிங்டனில் காலமானார். ஒரு நாட்டின் தூதர் இறந்திருக்கிறார்; அவருக்கு ஜனாஸா தொழுகை நடத்தத் தலைநகரில் தகுந்த பள்ளிவாசல் இல்லை. எகிப்தியத் தூதரும், பாலஸ்தீனத்தில் பிறந்து வாஷிங்டனில் பெரிய கட்டட கான்டிராக்டராக இருந்த ஜோசப் ஹவாரும் இதைப் பேசிக்கொண்டதிலிருந்துதான் வேலை தொடங்கியது என்பார்கள். 1949-இல் அடிக்கல். 1957 ஜூன் 28-இல் திறப்பு விழா, ஜனாதிபதி ஐசனோவர் வந்து பேசினார். வடிவமைத்தவர் மரியோ ரோஸி என்ற இத்தாலியர், எகிப்திலேயே பள்ளிவாசல்கள் கட்டிப் பெயர் வாங்கியவர். ஓடுகள் துருக்கியிலிருந்து, பெரிய சரவிளக்கு எகிப்திலிருந்து, கம்பளங்கள் ஈரானிலிருந்து. வெவ்வேறு நாடுகள் கொடுத்ததை ஒரே கூரைக்குள் வைத்தும் கண்ணை உறுத்தவில்லை. எனக்கு அதுவே ஆச்சரியம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பழக்கமில்லை. என் கண்ணில் முதலில் பட்டது வேறு. தெருவை ஒட்டி வளைவு வளைவாக ஒரு முன்மண்டபம் இருக்கிறது. அது சாலைக்கு இணையாக நிற்கிறது. அதைத் தாண்டினால் தொழுகைக் கூடம் மட்டும் கோணலாகத் திரும்பி நிற்கிறது. செட்-அவுட் செய்தவர் தவறிவிட்டாரோ என்று சைட் இன்ஜினியருக்குத் தோன்றும்! காரணம் கிப்லா, அதாவது மக்காவின் திசை. சரி, வாஷிங்டனிலிருந்து மக்கா எந்தத் திசை? தம்பிமார்களே, மனதுக்குள் ஒரு உலக வரைபடத்தை விரித்துப் பாருங்கள். வாஷிங்டன் வட அட்சரேகை 39-இல் இருக்கிறது, மக்கா 21-இல். ஆகவே தென்கிழக்கு என்பீர்கள். ஆனால் இந்தப் பள்ளிவாசல் வடகிழக்கைப் பார்த்து நிற்கிறது. வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 56 டிகிரி.

தாள் தட்டை, பூமி உருண்டை. ஒரு குளோபை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வடகிழக்காகக் கிளம்பி, அட்லாண்டிக்கில் மேலே ஏறி, பிறகு இறங்கி வரும். அமெரிக்காவிலிருந்து துபாய் வழியாக ஊருக்கு வருகிற விமானம் சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் காட்டுகிற பாதையும் அதே மாதிரிதான். சர்வேயிங் வகுப்பில் பெருவட்டம் என்று படித்தோமே, அது. கட்டுகிற காலத்தில் இந்தத் திசையைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தேகமே இல்லை, கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை. ஒரு சமயத்தின் தேவைக்காகக் கோள முக்கோணவியலை முன்னே கொண்டுபோனவர்கள் இடைக்கால இஸ்லாமிய வானியல் அறிஞர்கள். அந்தக் கணக்கு ஒரு தெருவோரச் சுவரின் கோணமாக நிற்பதை அங்கேதான் கண்டேன்.

அடுத்த வருடம் அம்மா வந்திருந்தபோது அவரையும் அழைத்துப் போனேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, நீல ஓடு பதித்த சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இது எத்தனை புள்ளிடா?" என்று கேட்டார். நான், "அம்மா, இது கோலம் இல்லை" என்றேன். "அது தெரியுது. ஆனா புள்ளி இல்லாம இது வந்திருக்காது. புள்ளியை அழிச்சிருக்காங்க" என்றார். பையிலிருந்து ஒரு மளிகைக்கடை ரசீதை எடுத்து, பின்பக்கத்தில் ஒரு சதுரம் போட்டார். அதன் மேலேயே இன்னொரு சதுரத்தைச் சாய்த்துப் போட்டார். எட்டு முனை நட்சத்திரம் வந்துவிட்டது. பின்னால் புத்தகங்களில் தேடிப் படித்தபோது தெரிந்தது, அம்மா சொன்னது முக்கால்வாசி சரி. புள்ளிக்குப் பதில் அவர்கள் வைத்திருந்தது கவராயமும் அளவுகோலும். வட்டத்தைப் பங்கிட்டு, துணைக்கோடுகளைப் போட்டு, வேலை முடிந்ததும் அவற்றை மறைத்துவிடுகிறார்கள். நாம் புள்ளியை அப்படியே விட்டுவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவர் என் அம்மா. இந்தக் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்தவர் அவர்தான், நான் இல்லை.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரில் ஓடும் அரபு எழுத்துகள் எனக்கு அலங்காரமாகத்தான் தெரிந்தன. நண்பன் விரலால் காட்டி, மூலையும் முனையுமாக நிற்பது கூஃபி, வளைந்து ஓடுவது வேறு வகை என்று பிரித்துச் சொன்னான். சின்ன வயதில் ஓதக் கற்றவன். அவன் பாட்டி காலத்துக் கடிதங்கள் வீட்டில் இருக்கின்றனவாம். எழுத்து அரபு, மொழி தமிழ். அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயர், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் நூல்களே அப்படி எழுதியிருக்கிறார்கள். "எங்க ஊரு பழைய பள்ளிவாசலைப் பார்த்தா, நீ கோயில் மண்டபம்னுதான் சொல்லுவ, அத்தனையும் கல்தூணு" என்றான். உண்மைதான், பிறகு போய்ப் பார்த்தேன். இஸ்லாமியக் கட்டடம் என்றால் குவிமாடமும் மினாரும் என்று நாம் வைத்திருக்கிற எண்ணம் நம் கடற்கரைக்கே பொருந்தவில்லை.

இனி மேட்டின் உச்சிக்குப் போவோம். நேஷனல் கதீட்ரலுக்கு 1907 செப்டம்பர் 29-இல் அடிக்கல் நாட்டினார்கள், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இருந்தார். கடைசிக் கல்லை வைத்தது 1990 செப்டம்பர் 29-இல். சரியாக 83 ஆண்டுகள். நீளம் 517 அடி, மையக் கோபுரம் 301 அடி. இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல். இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்த சிற்பிகள் பலர் இதில் ஆயுசையே செலவழித்திருக்கிறார்கள். ஒரு ஜன்னலில் அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலாக்கல் ஒரு துண்டு பதித்திருக்கிறது. வடமேற்குக் கோபுரத்தில், சிறுவர் போட்டியில் வந்த யோசனைப்படி, ஸ்டார் வார்ஸ் படத்து வில்லனின் தலையைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். பைனாகுலர் இருந்தால் தெரியும். நம் கோபுரங்களில் சுதைக்காரர்கள் செய்கிற குறும்புகளைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயம் இல்லை.

உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் நூறு அடி உயரத்தில் கல் கூரை. டன் கணக்கான கல் தலைக்கு மேல் நிற்கிறது, பக்கச் சுவர்களோ பெரும்பாலும் கண்ணாடி. அப்படியானால் பாரம் எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் வெளியே வர வேண்டும். கமான் என்பது கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்க வெளியிலிருந்து கல்லால் ஒரு கை நீள்கிறது. ஃப்ளையிங் பட்ரஸ் என்று படித்தோம். பறக்கும் முட்டு என்று நான் எனக்குள் தமிழாக்கி வைத்திருக்கிறேன். சாய்கிற சுவருக்கு ஊரில் முட்டுக் கொடுப்போமே, அதே வேலைதான். முட்டின் தலையில் கூரான ஒரு கல் சிகரம் இருக்கும். அழகுக்கு வைத்தது என்று நினைப்போம். அது பாரம்! பக்கவாட்டில் வருகிற விசையை அந்தப் பாரம் கீழ்நோக்கித் திருப்பி, அஸ்திவாரத்துக்குள் இறக்கிவிடுகிறது.

கழுத்துச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கவிட்டு, அந்த வளைவைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். கமானுக்குள் விசை ஓடும் பாதை அதுதான். ராபர்ட் ஹூக் 17-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த உண்மை. கோதிக் மேஸ்திரிகளுக்கு ஹூக்கின் விதி தெரியாது. அதற்கு நானூறு, ஐந்நூறு வருடம் முந்தியவர்கள் அவர்கள். மரச் சட்டத்தை நிறுத்தி, அதன் மேல் கல்லை அடுக்கி, பூட்டுக்கல்லை இறக்கி, பிறகு சட்டத்தை மெல்ல எடுத்தார்கள். நாம் இன்று கான்கிரீட் சைட்டில் 'சென்ட்ரிங்' என்கிறோமே, அந்தச் சொல்லே இந்தக் கமான் சட்டத்திலிருந்து வந்ததுதான்.

நாங்கள் முதலில் போனபோது கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. 2011 ஆகஸ்ட் 23-இல் வர்ஜினியாவில் 5.8 அளவில் நில நடுக்கம். மையக் கோபுரத்தின் சிகரக் கற்கள் சில விழுந்தன, சில நின்ற இடத்திலேயே திருகிக்கொண்டன. கிழக்குக் கோடியில் உள்ள பழைய முட்டுகளிலும் விரிசல். கல்லை எடுத்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் செருகி மறுபடி நிறுத்துகிற வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. அமைதியான நாளில் கட்டடத்தைக் காப்பாற்றுகிற அதே தலைப்பாரம் பூமி ஆடும்போது சாட்டையின் நுனி மாதிரி ஆடுகிறது. இதை நான் பாடமாகவும் படித்திருக்கிறேன், ஆனால் சாரத்துக்குக் கீழே நின்று பார்த்த பிறகு என் டிசைன் வேலையில் பாராபெட் சுவரைக்கூட இரண்டு தடவை சரிபார்க்கிறேன்.

நண்பன் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏன்டா, இந்தக் கூர்க் கமான் அங்க கீழ பள்ளிவாசல்லயும் இருந்துச்சே?" நல்ல கேள்வி. அரைவட்டக் கமானுக்கு உயரம் என்பது அகலத்தில் பாதி, அதை மாற்ற முடியாது. கூர்க் கமானில் அகலம் வேறுபட்டாலும் உயரத்தைச் சமமாக வைக்கலாம், பக்கத் தள்ளலும் குறையும். கெய்ரோவில் இப்னு துலூன் பள்ளிவாசலில் 9-ஆம் நூற்றாண்டிலேயே வரிசை வரிசையாகக் கூர்க் கமான்கள் இருக்கின்றன. பிரான்சில் கோதிக் பாணி தலையெடுத்தது 12-ஆம் நூற்றாண்டில். லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், கோதிக் என்று சொல்வதே பொருத்தமில்லை, சாரசன் பாணி என்றே சொல்ல வேண்டும் என்று கருதியவர். சாரசன் என்பது அரபு முஸ்லிம்களுக்கு அன்று ஐரோப்பியர் வைத்திருந்த பெயர். எந்த வழியாகப் போனது, எவ்வளவு போனது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் அபிப்பிராயத்தில், கூர்க் கமானின் நன்மையை அனுபவத்தில் கண்ட மேஸ்திரி, அது யார் வீட்டுச் சொத்து என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டான்.

இந்த விவாதத்தை முடித்து வைத்தது ஒரு பித்தளைப் பாத்திரம். அதே நகரத்தில் ஃப்ரீயர் கேலரி என்ற அருங்காட்சியகம், கட்டணம் கிடையாது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிக்காகப் போனவன் அங்கே இதன் முன்னால் மாட்டிக்கொண்டேன். 13-ஆம் நூற்றாண்டின் நடுவில், சிரியா அல்லது வட ஈராக் பகுதியில் செய்தது. தண்ணீர்க் குடுவை மாதிரி வடிவம், ஒரு அடிக்கு மேல் குறுக்களவு, பித்தளையில் வெள்ளி இழைத்த வேலை. சுற்றிலும் அரபு எழுத்து, உடையவருக்கு நல்வாழ்த்துச் சொல்கிறது. நடுவில் யார் என்று நினைக்கிறீர்கள்? குழந்தை இயேசுவை மடியில் வைத்த மரியாள்! சுற்றி அவர் பிறப்பும், கோயிலில் ஒப்புக்கொடுத்ததும், எருசலேமுக்குள் நுழைந்ததும். பின்பக்கம் குதிரை வீரர்கள். சிலுவைப் போர்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. யாருக்காகச் செய்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நண்பன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வெள்ளி இழைச்சவன் கைக்குக் காசு கொடுத்தவன் யாரா இருந்தா என்ன, வேலை சுத்தம்டா" என்றான். மெக்கானிக்கல்காரன் புத்தி.

அந்தச் சாலையில் நடந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 14-ஆம் தேதி நாட்டின் துக்க வழிபாடு கதீட்ரலில் நடந்தது. ஒரு இமாமும் அதில் பிரார்த்தனை செய்தார். 17-ஆம் தேதி ஜனாதிபதி புஷ் கீழே உள்ள பள்ளிவாசலுக்குப் போய், முஸ்லிம் குடிமக்களை யாரும் அச்சுறுத்தக் கூடாது என்று பேசினார். மற்றது 2014 நவம்பர் 14. கதீட்ரலிலேயே முதல் முறையாக வெள்ளிக்கிழமைத் தொழுகை. சிலுவைகள் கண்ணில் படாத வடபுறக் கையைத் தேர்ந்தெடுத்துக் கம்பளம் விரித்தார்கள். கிப்லாவுக்காகக் கம்பளங்கள் கல் தரையில் கோணலாகக் கிடந்தன. நடுவில் ஒரு பெண்மணி எழுந்து எதிர்த்துக் கூச்சல் போட்டார், வெளியே அழைத்துப் போனார்கள். தொழுகை தொடர்ந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், இரு பக்கமும் முணுமுணுத்தவர்கள் உண்டு.

2019-இல் நண்பனின் வாப்பா கீழக்கரையில் காலமானார். எங்கள் பேட்ச்காரர்களுக்கு அவரைத் தெரியும். லீவு முடிந்து மகனைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் ஹாஸ்டல் முழுவதற்கும் தொதல் கொண்டுவருவார். ஊர் வழக்கப்படி அன்றே நல்லடக்கம். எந்த விமானம் பிடித்தாலும் முகம் பார்க்க முடியாது. இறந்தவர் வேறு ஊரில் இருந்தாலும் இருக்கிற இடத்திலிருந்தே தொழுகிற ஜனாஸா தொழுகை ஒன்று, அவர்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் உண்டு. மாசசூசெட்ஸ் அவென்யூ பள்ளிவாசலுக்கு நான்தான் கார் ஓட்டிப் போனேன். ஐந்தாறு பேர் வரிசையாக நின்றார்கள், நான் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தூதரின் மரணத்துக்குத் தொழ இடமில்லாமல் எழுந்த கட்டடம் என்று அவனுக்கே பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிந்து முற்றத்துக்கு வந்தபோது, "மாப்ளே, நம்ம ஊரு எந்தப் பக்கம்டா?" என்றான். போனிலேயே கணக்குப் போட்டேன். வடக்கிலிருந்து கிழக்காக 30 டிகிரி. கிப்லாவுக்கு இடப்புறம் 26 டிகிரி தள்ளி. கையை நீட்டிக் காட்டினேன். அந்தப் பக்கமாகத் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றான்.

மாணவர்களுக்கு ஒரு அறிவிப்பு. வாஷிங்டன் போகத் தேவையில்லை. நாளை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, நம் திருச்சி லூர்து அன்னை ஆலயத்துக்கும், அதன்பின் நத்தர்வலி தர்காவுக்கும் சிலர் போகிறோம். லூர்து ஆலயம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோதிக் பாணியில் எழுந்தது. பறக்கும் முட்டு அதில் உண்டா, இல்லையென்றால் பக்கத் தள்ளலை எது வாங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நோட்டும் பென்சிலும் போதும். மெக்கானிக்கல்காரர்களும் வரலாம். தலையில் போட ஒரு கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.